செவிலிக்குக் கூற்று உண்டு

"செவிலின்னா நர்ஸுங்களா மிஸ்?"

இளங்கலை இரண்டாம் ஆண்டில் அகப்பாடல் நடத்தும்போதெல்லாம் யாராவது ஒருத்தி இதைக் கேட்டுவிடுவாள். வகுப்பு சிரிக்கும். நானும் பல வருடம் சிரித்துக் கடந்திருக்கிறேன். அது வளர்ப்புத்தாய், இது நாம் பிற்காலத்தில் எடுத்து வைத்துக்கொண்ட சொல் என்று ஒரு வரியில் விளக்கிவிட்டு அடுத்த துறைக்குப் போய்விடுவேன். போன வருடம் இதைக் கேட்டவள் நெருப்பெரிச்சலிலிருந்து வருகிற மாணவி. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். அக்கா ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்தச் செவிலியர். சிரிப்பு அடங்கிய பிறகு அவள் இன்னொன்றும் கேட்டாள்: "அப்ப இந்தச் செவிலி மட்டும் எப்படிங்க மிஸ் இவ்வளவு பேசறா? எங்கக்கா டூட்டில வாயே தொறக்கக் கூடாதும்பா."

அன்றைக்குப் பாடம் அதற்குமேல் நகரவில்லை.

களவில் பேச உரிமை உள்ளவர்கள் என்று தொல்காப்பியம் ஆறு பேரைச் சொல்கிறது. அந்த ஆறு பேரில் செவிலி ஒருத்தி. பெற்ற தாய் அந்தப் பட்டியலில் இல்லை. உடன்போக்கில் மகள் போய்விட்டால் பெற்றவள் வீட்டில் கிடந்து புலம்புகிறாள்; பாலை வழியில் இறங்கித் தேடுகிறவள் செவிலி. எதிரே வருகிறவர்களை நிறுத்தி விசாரிக்கிறவளும் அவள்தான். 'நர்ஸ்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேவைப்பட்டபோது இவளுடைய பெயரை எடுத்துக்கொண்டோம். கூற்றை விட்டுவிட்டோம்.

அவசர மகப்பேறு சிகிச்சை பற்றிய பேச்சு வரும்போதெல்லாம், செவிலியர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கருத்தரங்குகளில் சொல்கிறார்கள், செய்தித்தாளில் எழுதுகிறார்கள். போதவில்லை என்பது பல இடங்களில் உண்மைதான். என் வழக்கு வேறு. பயிற்சி கொடுத்த கையையே கட்டிவைக்கிறோம். கட்டிவைத்துவிட்டு, கைக்குத் திறமை இல்லை என்கிறோம்.

நெருப்பெரிச்சல் என்ற பெயர் வெளியூர்க்காரர்களுக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தால்தான் தெரியும். 2011 வரை தனிப் பஞ்சாயத்து. பிறகு திருப்பூர் மாநகராட்சிக்குள் வந்தது. பூலுவப்பட்டி தாண்டி உள்ளே போனால் கம்பெனிகளும், இடையில் இன்னும் மிச்சமிருக்கும் சோளக்காடும், வரிசையாக லைன் வீடுகளும். ஒற்றை அறை, பொதுக் கழிப்பறை, வாசலில் கம்பிக்கொடி. தேனி, திருவண்ணாமலை, ஒடிசா, பீகார் எல்லாம் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. இங்கே ஒருத்திக்கு ராத்திரி வலி கண்டால் கூட மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை. பக்கத்து அறைக்காரிதான் 108க்குப் போன் போடுவாள். ஊர் ரயில் பாதைக்கு வடக்கே, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தெற்கே தாராபுரம் ரோட்டில். கம்பெனி விடும் நேரத்தில் புஷ்பா தியேட்டர் பக்கம் ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்க்காத திருப்பூர்க்காரர் யாரும் இருக்க மாட்டார்கள். மருத்துவக் கல்லூரியே 2022இல்தான் வந்தது. அதற்கு முன்னால் சிக்கலான கேஸ் என்றால் கோயம்புத்தூர், ஐம்பது கிலோமீட்டர்.

பிரசவத்துக்குப் பிறகு வரும் ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் ஆளைக் கொன்றுவிடும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போய்வருகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பைத் தசை தேங்காய் மாதிரி இறுகி அந்த நாளங்களை நெரித்து அடைக்க வேண்டும். இறுகாமல் தளதளவென்று இருந்தால், அடைக்கிற கை வெளியிலிருந்துதான் வர வேண்டும். வயிற்றின் மேல் கையை வைத்துத் தேய்த்து இறுகச் செய்வது, ஆக்ஸிடோசின், சலைன், ரத்தம் உறைய டிரானெக்ஸாமிக் அமிலம், எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது. இதில் எதற்கும் ஆபரேஷன் தியேட்டர் வேண்டாம். பக்கத்தில் நிற்கிற, தெரிந்த ஒருத்தி வேண்டும்.

அப்படி ஒருத்தி நின்றதால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2006இல் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் எனக்குக் குழந்தை பிறந்தது. விடியற்காலை மூன்று மணி. சுகப்பிரசவம், எல்லாம் முடிந்தது என்று டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் எனக்குக் குளிர ஆரம்பித்தது. காதுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி இருந்தது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும் அந்த நர்ஸுக்கு. துணியை விலக்கிப் பார்த்தாள். என் வயிற்றில் கையை வைத்து மாவு பிசைகிற மாதிரி அழுத்தினாள், நான் கத்தினேன், அவள் நிறுத்தவில்லை. ஆயாம்மாவைக் கூப்பிட்டு ஊசியை எடுக்கச் சொன்னாள். டாக்டர் வந்து சேர இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் ரத்தம் கட்டுக்குள் வந்திருந்தது.

காலை ரவுண்ட்ஸில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தே அவளுக்குத் திட்டு விழுந்தது. "யாரைக் கேட்டு ஊசி போட்டே? நீ என்ன டாக்டரா?" அவள் தலையைக் குனிந்து நின்றாள். குழந்தையை மார்போடு அணைத்துப் படுத்திருந்த நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கப் பாடல்களில் பெண் கூற்று பற்றி அப்போது ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் செய்தது வரம்பு மீறலும் அல்ல. இதே காலத்தில்தான், 2005இல், ஒன்றிய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. அவசர நிலையில் கிராம சுகாதாரச் செவிலியரும் ஸ்டாஃப் நர்ஸும் ஆக்ஸிடோசின் போடலாம், பேறுகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸைப் போட்டு அனுப்பலாம் என்று அதில் இருக்கிறது. அதற்கு முன்பு அந்த அனுமதியே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தாலும், பக்கத்தில் நிற்கிறவளுக்கு மருந்து தெரிந்திருந்தாலும், வண்டி பிடித்து அனுப்புவதுதான் அவள் வேலை. அந்த மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்பதைப் பல நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2002இல் உறுதிப்படுத்தியிருந்தது. மலிவான மருந்து, வலது பிட்டத்தில் 5 கிராம், இடது பிட்டத்தில் 5 கிராம். ஊசி போடத் தெரிந்த யாரும் போடக்கூடியது. அனுமதி காகிதத்தில் வந்துவிட்டது. வார்டுக்கு வரவில்லை.

பயிற்சி எப்படி இருக்கும் என்று மூன்று நான்கு வருடங்களுக்கு முன் நேரில் பார்த்தேன். மார்ச் 8க்குப் பேசக் கூப்பிட்டிருந்த ஒரு நர்சிங் கல்லூரியில், என் பேச்சை முடித்துவிட்டு (பாரதியில்லாமல் பேசியதே அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்) திறன் கூடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். நார்வேயில் செய்த பொம்மை. அதை ஒருத்தி இடுப்பில் கட்டிக்கொண்டு தாயாக நடிக்கிறாள். எதிரே இருப்பவள் பிரசவம் பார்க்கிறாள். பொம்மைக்குள் சிவப்புத் தண்ணீர்ப் பை. தாயாக நடிக்கிறவள் குழாயைத் திறந்துவிட்டால் ரத்தம் கொட்டும். எதிரே இருப்பவள் சரியான இடத்தில் கையை வைத்து அழுத்தினால்தான் மூடுவாள். அங்கே நடந்ததில் எனக்குப் பிடித்தது, கட்டளை போடுவது யார் என்பது. பத்தொன்பது வயதுப் பெண் நிமிர்ந்து நின்று, "நீ ஆக்ஸிடோசின் எடு, நீ லைன் போடு, நீ நேரத்தைப் பார்" என்று உரக்கச் சொல்கிறாள். உரக்கச் சொல்வதும் பாடத்தில் ஒரு பகுதி. சொன்னதைக் கேட்டவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அங்கே அவளுக்குக் கூற்று இருந்தது. வேலைக்குப் போன முதல் மாதத்தில் அது பிடுங்கப்படும்.

மாணவியின் அக்காவுக்கு நடந்ததைக் கேளுங்கள். பிரசவப் பயிற்சி என்று 21 நாள் அனுப்பினார்கள். போய்வந்தாள், சான்றிதழ் வாங்கினாள். திரும்பி வந்ததும் புறநோயாளிச் சீட்டும் கம்ப்யூட்டர் பதிவும் அவள் தலையில். பிரசவ அறை டூட்டி பயிற்சிக்குப் போகாத இன்னொருத்திக்கு. ஆறு மாதம் கழித்து முறை மாறியபோது, பேக் மாஸ்க்கைப் பிடித்த கை நினைவு வைத்திருக்கவில்லை. "கண்ணுக்குத் தெரியுதுங்க மேடம், கை போகமாட்டேங்குது" என்றாள். பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் அவளும் ஒன்று. அந்த எண்ணிக்கையை மேலே அனுப்பியாயிற்று.

பயிற்சிமட்டும் போதும் என்று நம்புகிறவர்களுக்கு உத்தரப்பிரதேசத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 120 மருத்துவமனைகளில் பாதியில் பிரசவ அறைச் செவிலியர்களுக்குச் சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்து, மாதக்கணக்கில் பக்கத்தில் நின்று பழக்கினார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்-சேய் இணைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. செவிலியர்கள் முன்பைவிடச் சரியாக வேலை செய்தார்கள். இறப்பு குறையவில்லை. அந்தப் பெண்கள் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல இதில் இடமில்லை. கற்றார்கள், செய்தார்கள். அதற்கு மேலே இருக்க வேண்டிய ரத்தம், ஆபரேஷன், வண்டி, கூப்பிட்டால் வருகிற ஆள் இவையெல்லாம் எங்கே இருந்தன என்பதுதான் கேள்வி.

மாறாக இன்னொன்றும் இருக்கிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. இழந்த ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் குறைவாகவே படும். ஆகவே தாயின் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்தார்கள். ரத்தம் கோட்டைத் தொட்டால் யாரையும் கேட்கக் காத்திராமல் மருத்துவச்சிகளே எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்க வேண்டும். கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. இப்படி அளவுக்கோடு போட்ட விரிப்பு நமக்குப் புதிதே அல்ல. நம் பக்கத்துப் பெல்காமில், துணைச் செவிலியர்கள் கிராமங்களில் மிசோபிரோஸ்டால் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில் பயன்பட்டது; அது 2006இலேயே வெளியானது. இங்கே பிறந்த அறிவு ஆப்பிரிக்கா போய்ப் பெரிய ஆளாகித் திரும்பி வருகிறது.

நெருப்பெரிச்சல் பெண்களுக்கு இதை ஒரு வரியில் விளக்கிவிடலாம். செக்கிங் மேசையில் நிற்கிறவள் ஒரு பனியனில் ஓட்டை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைக்கிறாள். அதற்கு அவள் சூப்பர்வைசரைக் கூப்பிடுவதில்லை. சரக்கு ஜெர்மனிக்குப் போவதானாலும் அவள் கண்ணை நம்பித்தான் பெட்டி மூடப்படுகிறது. ஒரு பனியனுக்குக் கொடுக்கிற நம்பிக்கையை ஒரு கருப்பைக்குக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

2018ஐ நான் மறக்க மாட்டேன். அந்த ஏப்ரலில், மாட்டுக்கு ஊசி போட்டுப் பால் கறக்கிறார்கள் என்பதற்காக, ஆக்ஸிடோசினைத் தனியார் யாரும் தயாரிக்கக் கூடாது, ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனம் போதும் என்று ஒன்றிய அரசு ஆணை போட்டது. நாட்டில் ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேல் பிரசவம். உயிர் காக்கும் முதல் மருந்தை ஒரே தொழிற்சாலையில் தொங்கவிட்டார்கள். மாட்டைப் பற்றிப் பேசிய அளவுக்குக்கூட அந்த ஆணையில் பெண்ணைப் பற்றிய யோசனை இல்லை. டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அதே ஆண்டு ஜூலையில், இதே திருப்பூரில், இருபத்தெட்டு வயது ஆசிரியை ஒருவர் வீட்டில் யூடியூப் காணொளிகளைப் பார்த்து நடத்திய பிரசவத்தில் இறந்துபோனார். குழந்தை பிழைத்தது. ரத்தப்போக்குதான் அவரைக் கொண்டுபோனது. அடுத்த சில நாட்களில் கோவையில் ஒருவர், மருத்துவரில்லாமல் வீட்டிலேயே சுகப்பிரசவம் பார்க்க ஒரு நாள் பயிற்சி முகாம் அறிவித்துக் கைதானார். ஒரு நாள்! கை பழக வேண்டும் என்று பதினெட்டு மாதம், இருபத்தொரு நாள் என்று மன்றாடிக்கொண்டிருக்கும் நாட்டில் ஒரு நாள். இயற்கை, மரபு, பாட்டி வைத்தியம் என்று மேடையில் பேசுகிற ஆண்கள் எந்தப் பாட்டியைச் சொல்கிறார்கள்? எங்கள் கொங்குக் கிராமங்களில் மருத்துவச்சியாக வந்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் வீட்டுப் பெண்கள். தண்ணீர்க் குடத்தைத் தொட விடாதவர்கள், பிள்ளையை எடுக்க மட்டும் அவளைக் கூப்பிட்டார்கள். எடுத்து முடித்ததும் அவளைத் தீட்டு என்றார்கள். கூலியாக ஒரு படி நெல்லும் பழைய சேலையும். அவளுக்குத் தெரிந்ததை யாரும் எழுதிவைக்கவில்லை. அவள் கண்ணெதிரே இறந்த பெண்களையும் எழுதிவைக்கவில்லை. இன்றைக்கு அவளை மரபு என்று கொண்டாடுகிறவர்கள் அவள் பேத்தியை எந்த வரிசையில் உட்கார வைக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

அந்தச் சாதிக் கணக்குத்தான் பிரசவ அறையில் இன்னும் ஓடுகிறது என்பது என் சந்தேகம். ரத்தமும் மலமும் படுகிற கை கீழானது. கையொப்பம் போடுகிற கை மேலானது. இலங்கையில் 'மருத்துவமாது' என்று ஒரு தனிப் பணியே இருக்கிறது. 1940களில் லட்சத்துக்கு ஆயிரத்துக்கும் மேலிருந்த தாய் இறப்பை அவர்கள் குறைத்த கதையில், வீடு வீடாக நடந்த அந்தப் பெண்களுக்கு நடு இடம் உண்டு. நம் ஒன்றிய அரசும் 2018 கடைசியில் (அதே ஆண்டுதான்) மருத்துவச்சிப் பணிக்கான வழிகாட்டுதல் வெளியிட்டது. பதினெட்டு மாதப் பயிற்சி, சிக்கலில்லாத பிரசவத்தைத் தன் பொறுப்பில் பார்க்கும் அதிகாரம். நர்சிங் படிக்கப் போன என் பழைய மாணவிகளில் ஒருத்திக்குக்கூட அப்படி ஒரு வேலை இருப்பது தெரியாது.

செவிலியர்களைத் தேவதைகளாக்க நான் வரவில்லை. "அன்னைக்கு இனிச்சுதா? இப்ப எதுக்குக் கத்தறே?" என்ற வசனத்தைப் பிரசவ அறையில் கேட்காத தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர்? தொடையில் அடி வாங்கியவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள். நெருப்பெரிச்சலில் ஓர் ஒடியப் பெண் என்னிடம் கையை வீசிக் காட்டினாள், அடித்ததை. 'ஜோர் லகாவோ' என்ற இரண்டு சொல்லைத் தவிர அவளிடம் பேச அந்த அறையில் யாருக்கும் மொழி இல்லை. மேலிருந்து திட்டு வாங்குகிறவள் கீழே திட்டுகிறாள் என்று விளக்கலாம். விளக்கம் மன்னிப்பு ஆகாது. பயிற்சியில் கருப்பையைத் தேய்க்கக் கற்றுத்தருகிற அதே நாளில், அந்தக் கருப்பைக்கு உரியவளின் பெயரைக் கேட்கவும் கற்றுத்தர வேண்டும். பெயர் தெரிந்தவளை அடிப்பது கொஞ்சம் கஷ்டம்.

தமிழ்நாட்டின் எண்களைக் காட்டி என்னை அடக்கலாம். நூற்றுக்கு 99.6 பிரசவம் மருத்துவமனையில். 2019-21 கணக்குப்படி தாய் இறப்பு லட்சம் பிறப்புக்கு 49, இந்தியா 93. ஒவ்வொரு இறப்பையும் தணிக்கை செய்யும் வழக்கத்தை 1994லேயே தொடங்கிய மாநிலம். சீமாங் மையங்கள், மூன்று செவிலியர் வைத்து இரவும் பகலும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எல்லாம் நாம் கட்டியவை, பெருமைதான். பக்கத்துக் கேரளத்தில் அந்த எண் 20. ஆண்டுக்கு ஒன்பது லட்சம் பிரசவம் என்று வைத்தால், 49 என்பது நானூறுக்கும் மேற்பட்ட வீடுகள். அறுவைப் பிரசவம் 44.9 சதவீதம், கத்தி எடுக்கிற வேகம் நமக்கு நன்றாகவே கைவந்திருக்கிறது. தணிக்கையோ தண்டனைக் கூடமாகிவிட்டது என்று அரசு மருத்துவர் சங்கங்களே குரல் எழுப்பியிருக்கின்றன. மருத்துவருக்கே அப்படியென்றால் அந்த அறையின் கடைசி நாற்காலியில் உட்காரும் செவிலியருக்கு என்ன கூற்று இருக்கும்? அங்கே அவளிடம் "என்ன நடந்தது" என்று கேட்பதில்லை. "ஏன் எழுதவில்லை" என்று கேட்கிறார்கள்.

சம்பளத்தைச் சொல்லாமல் பயிற்சியைப் பேச முடியாது. தேர்வு எழுதி, 2015இல் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கில் சென்னை தேனாம்பேட்டை வளாகத்தில் உட்கார்ந்தபோதுதான் ஊருக்கு அது தெரிந்தது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் செக்கிங் பார்த்தால் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். கோவிட் காலத்தில் எடுத்தவர்களை 2022 டிசம்பர் 31ஓடு அனுப்பினார்கள். நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவள், நள்ளிரவில் போனை எடுத்து டாக்டரிடம் "சார், நீங்க இப்பவே வரணும்" என்று சொல்ல மாட்டாள். சொன்னால் காலையில் திட்டு, மார்ச்சில் புதுப்பிப்பு இல்லை. பணி நிரந்தரம் என்பதைத் தொழிற்சங்கக் கோரிக்கை என்று தனிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், தோழிகளே. நான் அதை மருந்துப் பட்டியலில், ஆக்ஸிடோசினுக்குப் பக்கத்தில் எழுதுவேன். பயிற்சி பெற்றவளைப் பிரசவ அறையிலிருந்து மாற்றக் கூடாது என்ற விதியையும், ஊசி போட்டதற்காக எந்தச் செவிலியரையும் நோயாளி முன் அவமானப்படுத்தினால் அதுவும் தணிக்கையில் பதிவாக வேண்டும் என்பதையும் அதற்குக் கீழே.

அந்த அக்காவை வகுப்புக்குக் கூப்பிட்டேன். செவிலி கூற்று நடத்தும் வாரம்தான். நைட் டூட்டி முடித்து, நெருப்பெரிச்சல் போய்க் குளித்துவிட்டு, தங்கையோடு அதே டவுன் பஸ்ஸில் வந்திறங்கினாள். முன்னால் நின்று பேசச் சொன்னதும் கூச்சப்பட்டாள். "நான் என்னங்க மேடம் பேசறது, இலக்கியமெல்லாம் தெரியாதுங்க." பிறகு என் மேசையில் இருந்த துண்டை எடுத்துக் குழந்தை அளவுக்குச் சுருட்டினாள். பிறந்த குழந்தைகளில் நூற்றுக்குப் பத்து தானாக மூச்சு விடத் தயங்கும் என்றாள். துடைக்க, முதுகைத் தேய்க்க, வாயையும் மூக்கையும் சுத்தம் செய்ய, அதற்கும் அழவில்லையென்றால் மாஸ்க் வைத்துக் காற்றடிக்கத் தொடங்க, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனில் நேரம் வைத்தாள். யாரும் பேசக் கூடாது. குழந்தை இன்னும் அழவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

பதினைந்தாவது நொடியில் பின்பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நாற்பதில் யாரும் சிரிக்கவில்லை. அக்கா துண்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.